பணம் மழைக்கு முன்னால் வர வேண்டும்: சர்வதேச வேளாண் தொண்டு நிறுவனத்தில் பிசினஸ் டெவலப்மென்ட் வேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நைரோபியிலிருந்து இயங்கும் ஒரு வேளாண் வளர்ச்சித் தொண்டு நிறுவனத்தில் பிசினஸ் டெவலப்மென்ட் பிரிவை நடத்துகிறேன். ஊருக்கு வரும்போது சித்தப்பா, பெரியம்மா கேட்பதும், இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் எழுதிக் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

தொண்டு நிறுவனத்தில் 'பிசினஸ்' எங்கிருந்து வந்தது?

பெயர் குழப்பத்தான் செய்யும். கம்பெனியில் இந்தப் பிரிவு புதிய வாடிக்கையாளரைப் பிடிக்கும். எங்களிடம் அது அடுத்த 3 ஆண்டு, 5 ஆண்டுத் திட்டங்களுக்கான நிதியைக் கொண்டுவரும். அரசுகள், அறக்கட்டளைகள், வளர்ச்சி வங்கிகள் விடும் அழைப்புகளுக்குத் திட்டம் எழுதி, போட்டியிட்டு, ஒப்பந்தம் போடுகிற வேலை. தனிநபர்களிடம் மாதம் 500 ரூபாய், 10 டாலர் என்று திரட்டுவது வேறு பிரிவு. அவர்களைப் பண்ட்ரெய்சிங் என்போம், எங்களை பி.டி. என்பார்கள்.

யாருக்காக இந்த ஓட்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பின் கணக்குப்படி உலகத்தில் 60 கோடிக்கும் அதிகமான பண்ணைகள் இருக்கின்றன. அவற்றில் 84 சதவீதம் 2 ஹெக்டேருக்கும், அதாவது சுமார் 5 ஏக்கருக்கும் குறைவானவை. உலக விளைநிலத்தில் 12 சதவீதம் அளவை மட்டும் வைத்துக்கொண்டு உலகின் உணவில் ஏறக்குறைய 35 சதவீதத்தை விளைவிப்பவர்கள் இந்தச் சிறு விவசாயிகள். இவர்களில் பெரும்பாலோருக்கு வங்கிக் கடனும் கிடையாது, பயிர்க் காப்பீடும் கிடையாது.

பணம் யார் தருகிறார்கள்?

பல வாசல்கள் உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, நெதர்லாந்து மாதிரியான அரசுகள். கேட்ஸ், ராக்ஃபெல்லர் போன்ற அறக்கட்டளைகள். 2006-ல் ஆப்பிரிக்கப் பசுமைப் புரட்சிக்காக ஆக்ரா என்ற அமைப்பைச் சேர்ந்து தொடங்கியவை இந்த இரண்டும்தான். ரோமில் இருக்கும் இஃபாட் என்ற பன்னாட்டு வேளாண் மேம்பாட்டு நிதியம். 1974-ல் நடந்த உலக உணவு மாநாட்டில் கருவாகி, 1977-ல் தொடங்கியது. அது பெரும்பாலும் நாடுகளின் அரசுகளுக்குக் கடனாகக் கொடுக்கும். அந்த அரசு நடத்தும் திட்டத்தில் ஒரு பகுதியை நாம் எடுத்துச் செய்யலாம். காபி, கோகோ வாங்கும் கம்பெனிகளும் தருகின்றன, அவர்களுக்குச் சரக்கு தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பதால்.

விவசாயியிடமிருந்தே வரும் பணமும் உண்டு. ஒன் ஏக்கர் ஃபண்ட் 2006-ல் மேற்குக் கென்யாவில் 38 குடும்பங்களோடு ஆரம்பித்தது. விதையும் உரமும் கடனாகக் கொடுத்து, தவணையாகத் திரும்ப வாங்குகிறார்கள். இலவசமாகக் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. காசு கொடுத்து வாங்கிய விவசாயிக்கு முளைக்காத விதையைப் பற்றிச் சண்டை போட உரிமை இருக்கிறது. அந்த உரிமையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இன்னொரு வழியையும் சொல்ல வேண்டும். 1944-ல் தொடங்கிய ஹெய்ஃபர் இன்டர்நேஷனல் ஒரு குடும்பத்துக்குக் கிடேரி கொடுக்கும். அது ஈனும் பெண் கன்றை அந்தக் குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். 80 ஆண்டு கழிந்தும் அந்த ஏற்பாடு நடக்கிறது.

இந்த வேலையில் எது ரொம்பக் கஷ்டம்?

தேதி.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால்தான் குறுவை என்பது எங்கள் வீட்டில் காலண்டரைவிடப் பெரிய விஷயம். தண்ணீர் ஒரு மாதம் தள்ளி வந்தால் அது தண்ணீராக இருக்கும், குறுவைக்கு உதவாது. மேற்குக் கென்யாவில் மார்ச்சில் நெடுமழை இறங்கும். மக்காச்சோள விதையும் அடியுரமும் பிப்ரவரி கடைசிக்குள் விவசாயி வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு டிசம்பரில் கொள்முதல் ஆர்டர் போக வேண்டும். அதற்கு நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்க வேண்டும்.

கொடையாளர்களின் நாட்காட்டி வேறு. அமெரிக்க அரசின் நிதியாண்டு செப்டம்பர் 30-ல் முடிகிறது, பிரிட்டனுடையது மார்ச்சில். ஆண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவுக் கணக்கில் காட்ட வேண்டிய அவசரம் அவர்களுக்கு. மழை எப்போது வரும் என்பது அவர்கள் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

ஒரு முறை நேரத்தோடு கையெழுத்து என்று உறுதி சொன்ன ஒரு கொடையாளரின் ஒப்பந்தம் ஏப்ரல் கடைசியில்தான் வந்தது. விதை மே மாதம் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அறிக்கையில் 'விநியோகம் 100 சதவீதம்' என்று சரியாகவே எழுதினோம், பொய் ஒன்றும் இல்லை. ஆகஸ்டில் நான் போய்ப் பார்த்தபோது வீடு வீடாகத் தகரக் கூரைக்குக் கீழே, புகை படிந்த கம்பியில், அந்த 2 கிலோ விதைப் பைகள் பிரிக்கப்படாமல் தொங்கின. அடுத்த பருவத்துக்குள் அதன் முளைப்புத்திறன் குறைந்துவிடும் என்று தெரிந்தும், தூக்கிப்போட மனசில்லாமல் மாட்டி வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு நிதி கேட்டு நாங்கள் எழுதும் ஒவ்வொரு முன்மொழிவிலும் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: ஒப்பந்தம் டிசம்பர் 15-ஐத் தாண்டினால் விநியோகம் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போகும், அதுவரை பயிற்சியும் மண் பரிசோதனையும் மட்டும் நடக்கும். சில கொடையாளர்கள் முகம் சுளிப்பார்கள். நம் ஊரில் 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பார்களே, அதைத்தான் ஒப்பந்த மொழியில் எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

2025-ல் அமெரிக்க உதவி நின்றதில் உங்களுக்கு என்ன ஆனது?

ஜனவரி 20 அன்று வெளிநாட்டு வளர்ச்சி உதவியை 90 நாள் நிறுத்திவைக்கும் உத்தரவு வந்தது. அந்த வாரக் கடைசியிலேயே வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. மார்ச் 10-ல் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ அறிவித்தார். 1961-ல் கென்னடி தொடங்கிய நிறுவனம் 2025 ஜூலை 1-ல் மூடப்பட்டு, மீதி வேலைகள் வெளியுறவுத் துறைக்குப் போயின.

தேதிகளைப் பாருங்கள். நெடுமழைக்கு 6 வாரம் முன்னால் நிறுத்தினார்கள். ஆர்டர் கொடுத்த உரம் மொம்பாசா துறைமுகத்தில் இருக்கிறது, லாரிக்குக் கொடுக்க அனுமதி இல்லை. முடித்த வேலைக்கான பில்லும் நின்றது. எங்களோடு கூட்டணியில் இருந்த ஒரு சின்ன உள்ளூர் அமைப்புக்கு ஒரு மாதச் சம்பளத்துக்குக்கூடக் கையிருப்பு இல்லை. எங்கள் சேமிப்பிலிருந்து கொடுத்துப் பார்த்தோம், 2 மாதம் தாங்கியது.

பஞ்சம் வருமா என்று முன்கூட்டிச் சொல்லும் ஃபியூஸ்நெட் என்ற கண்காணிப்பு அமைப்பும் அந்த ஜனவரியில் இருண்டுபோனது. 1985-ல், எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப் பிறகு உருவான அமைப்பு அது. பிறகு படிப்படியாகத் திரும்ப வந்தது என்றாலும், எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு விதை என்று முடிவுசெய்ய அதைத் தினமும் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த மாதங்கள் கண்ணைக் கட்டியது போல இருந்தன. பிப்ரவரியில் பிரிட்டனும் தன் உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 2027-க்குள் 0.3 ஆக்கப்போவதாகச் சொன்னது.

என் பங்குத் தவறும் இதில் உண்டு. ஒரே கொடையாளரிடமிருந்து பாதிக்கு மேல் வருமானம் வர விட்டிருந்தேன். பெரிய ஒப்பந்தம் ஒன்று கிடைத்துவிட்டால் அதைச் சுற்றியே ஆள், வண்டி, அலுவலகம் எல்லாம் வளர்ந்துவிடும்; சின்ன அறக்கட்டளைகளுக்குக் கடிதம் எழுத நேரம் இருக்காது. இப்போது எந்த ஒரு கொடையாளரும் மொத்தத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். 6 மாதச் செலவு கையிருப்பு என்ற இலக்கை இன்னும் எட்டவில்லை.

ஒரு முன்மொழிவு எப்படி உருவாகிறது?

அழைப்பு வெளியானால் பெரும்பாலும் 30 முதல் 45 நாள் கெடு. அன்றைக்குத்தான் தொடங்குகிறோம் என்றால் அதை விட்டுவிடுவது நல்லது. வெற்றி பெறும் அணிகள் ஒரு வருடம் முன்பே அந்த மாவட்டங்களில் சுற்றி, கூட்டாளிகளைப் பேசி முடித்து, திட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஆளையும் கையில் வைத்திருப்பார்கள்.

அழைப்பு வந்ததும் 'கோ, நோ-கோ' கூட்டம். எழுதலாமா, வேண்டாமா. எழுதலாம் என்றால் தொழில்நுட்பப் பகுதிக்கு ஒருவர், பட்ஜெட்டுக்கு ஒருவர், கூட்டாளிகளின் கடிதங்களைத் துரத்த ஒருவர். வரைவு முடிந்ததும் 'ரெட் டீம்': அதில் ஒரு வரிகூட எழுதாதவர்கள், கொடையாளரின் மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு எதிராளி மாதிரி படிப்பார்கள்.

தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் மொழிநடையாக இருக்காது. கதையும் கணக்கும் ஒத்துப்போகாமல் இருக்கும். '40 களப்பணியாளர்கள் வாரம் ஒருமுறை ஒவ்வொரு குழுவையும் சந்திப்பார்கள்' என்று எழுதியிருப்பார்கள். பட்ஜெட்டில் 28 மோட்டார் சைக்கிளுக்குத்தான் பெட்ரோல் இருக்கும். மதிப்பீட்டாளர் அனுபவசாலி என்றால் முதலில் பெட்ரோல் வரிக்குத்தான் போவார். அதனால் எங்களிடம் பட்ஜெட் எழுதுபவர் முதல் நாள் முதலே கூட்டத்தில் இருப்பார். இந்த ஒரு மாற்றம் எங்களுக்குச் செய்த நன்மையை வேறெதுவும் செய்யவில்லை.

நைரோபி அலுவலகத்தில் உட்கார்ந்தே எழுதலாமே, களத்துக்குப் போக வேண்டுமா?

போகாமல் எழுதிய ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். மேற்குக் கென்யாவின் காக்கமேகா பக்கம் ஒரு திட்டத்துக்காக விளைச்சலைக் கூட்டும் யோசனையில் 20 பக்கம் எழுதிவிட்டு, கடைசி உறுதிப்படுத்தலுக்காகப் போனேன். அங்கே மூத்த பெண்களை 'மாமா' என்று கூப்பிட வேண்டும். சுவாஹிலியில் அம்மா என்று பொருள். ஒரு மாமா என்னை உள்ளே கூட்டிப்போய், 90 கிலோ மூட்டை ஒன்றின் வாயைப் பிரித்து, கையை முழங்கை வரை விட்டு ஒரு பிடி மக்காச்சோளம் எடுத்தார். ஊதினார். மாவு பறந்தது. உள்ளங்கையில் மிஞ்சியவற்றில் பாதி மணிகள் துளை விழுந்து வெறும் கூடாக இருந்தன.

"விளையவில்லை என்று யார் சொன்னது?" என்றார். வண்டு விழுந்து வீணாகும் என்று தெரிந்து அறுவடையிலேயே கிடைத்த விலைக்குப் பாதியை விற்றுவிடுகிறார். அடுத்த மே, ஜூனில் அதே சோளத்தை அதிக விலைக்கு வாங்குகிறார். இன்னும் விளைந்தால் இன்னும் அதிகமாக வண்டு தின்னும்.

திரும்பி வந்து 20 பக்கத்தில் 12-ஐத் தூக்கினோம். திட்டத்தின் நடுவில் பிக்ஸ் பையை வைத்தோம். 1980-களின் பிற்பகுதியில் கேமரூனில் தட்டைப்பயறு சேமிப்புக்காகப் பர்டியூ பல்கலைக்கழகத்தார் உருவாக்கியது அது. இரண்டு தடித்த பாலித்தீன் உறைகள், வெளியே ஒரு சாக்கு. இறுகக் கட்டினால் உள்ளே இருக்கும் வண்டுகளே ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் செத்துவிடும், மருந்து தேவையில்லை. பைக்காக மானியம் கேட்கவில்லை. ஊர்க் கடைக்காரர் அதை வாங்கி இருப்பு வைக்கச் சுழல்நிதி கேட்டோம். திட்டம் முடிந்த பிறகும் கடையில் பை இருக்க வேண்டுமே.

அந்த முன்மொழிவு வென்றது. மதிப்பீட்டாளர் குறிப்பில் அந்தப் பகுதியைத்தான் தனியாகக் குறிப்பிட்டிருந்தார்கள். எழுதியவர் பெயராக என் பெயர் இருந்தது. யோசனை அந்த மாமாவுடையது.

வருகிற பணத்தை வேண்டாம் என்று சொன்னதுண்டா?

உண்டு. இந்தப் பொறுப்பில் இருப்பவரின் முக்கியமான வேலையே அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு குறிப்பிட்ட பிராண்டு பூச்சிமருந்தை மட்டுமே பரிந்துரைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்த நிதியை மறுத்தோம். நாங்கள் கால் வைக்காத நாட்டில் 4 மாதத்தில் 50,000 விவசாயிகளைப் பதிவுசெய்யச் சொன்னதையும் மறுத்தோம். இரண்டாவதை மறுப்பது கடினமாக இருந்தது, அந்த ஆண்டு எங்கள் கணக்கு நன்றாக இல்லை. ஆனால் 50,000 பெயரை 4 மாதத்தில் எழுதலாம். 50,000 பேரின் நம்பிக்கையைச் சம்பாதிக்க முடியாது. வெறும் பெயர்ப் பட்டியல் தயாரித்துவிட்டுக் கிளம்பிய நிறுவனங்களின் பின்னால் அதே ஊருக்குப் போன அனுபவம் எனக்கு உண்டு. யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு எடுப்பீர்கள்? அதைக் குறைத்தால் என்ன?

எல்லாக் கல்யாண வீட்டிலும் கேட்கப்படும் கேள்வி. ஆடிட்டர், கணக்காளர், சர்வர், அலுவலக வாடகை, நான்: இதெல்லாம் மறைமுகச் செலவு. இந்தச் செலவுக்கெனத் தனி விகிதம் பேசி முடிக்காத நிறுவனங்களுக்கு அமெரிக்க அரசு கொடுத்துவந்த 10 சதவீத வரம்பை 2024 அக்டோபரிலிருந்து 15 ஆக்கியது. கேட்ஸ் அறக்கட்டளையும் தொண்டு நிறுவனங்களுக்கு 15 சதவீதம் வரை தருகிறது. உண்மையான செலவு பல இடங்களில் இதைவிட அதிகம், மிச்சத்தை எங்காவது தேடித்தான் ஆக வேண்டும். கணக்காளரே இல்லாத நிறுவனத்தைவிட நல்ல கணக்காளர் இருக்கும் நிறுவனத்தில்தான் விவசாயியின் பணம் பத்திரமாக இருக்கும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

எத்தனை முன்மொழிவு வெல்லும்?

திறந்த போட்டியில் மூன்றில் ஒன்று வென்றால் நல்ல ஆண்டு என்பேன். தோற்றதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தரச் சொல்லிக் கேட்டால் பல கொடையாளர்கள் தருகிறார்கள்.

ஏஐ எழுதித் தரும் காலத்தில் இந்த வேலை இருக்குமா?

முதல் வரைவுக்கும், 90 பக்க அழைப்பில் நிபந்தனைகளைப் பிரித்தெடுக்கவும் நாங்களும் பயன்படுத்துகிறோம். எல்லா முன்மொழிவுகளும் ஒரே மாதிரி வழவழப்பாகிவிட்டதால் இப்போது மதிப்பீட்டாளர்கள் மாவட்டத்தின் பெயர், சந்தை கூடும் கிழமை, கடைக்காரரோடு போட்ட ஒப்பந்தம் என்று தேடிப் பார்க்கிறார்கள். மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்க ஆள் வேண்டும்.

இந்தத் துறைக்கு வர வேளாண்மை படித்திருக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. என் அணியில் ஒருவர் பி.காம்., ஒருவர் பத்திரிகையாளராக இருந்தவர், ஒருவர் கால்நடை மருத்துவர். தெளிவாக எழுதத் தெரிய வேண்டும், எக்செல் பயமில்லாமல் வர வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று கூட்டத்தில் சொல்லும் தைரியம் வேண்டும். பிரெஞ்சு தெரிந்தால் மேற்கு ஆப்பிரிக்காவின் கதவு திறக்கும். கோயம்புத்தூரில் வேளாண்மை படித்துவிட்டு வருபவர்களுக்குப் பயிரைப் பற்றிய அறிவு கூடுதல் பலம். பட்ஜெட்டை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம், பயிரை அப்படிக் கற்க முடியாது.

சம்பளத்தையும் கேட்பீர்கள். ஐ.டி. அளவுக்கு வராது. உள்ளூர் தொண்டு நிறுவனத்தைவிட நன்றாக இருக்கும்.

இந்தியாவிலிருந்தே இதைச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் விதிகளைப் படித்துவிட்டு இறங்குங்கள். வெளிநாட்டு நிதிக்கு 2010-ஆம் ஆண்டு எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு வரம்பு 50-லிருந்து 20 சதவீதமானது. வாங்கிய நிதியை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. பணம் டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். பெரிய நிறுவனம் நிதி வாங்கிக் கிராமத்துச் சிறு அமைப்புகளோடு பகிர்ந்து செய்யும் வழக்கம் அதோடு முடிந்தது. அந்தச் சிறு அமைப்புகளை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

உள்நாட்டில் சி.எஸ்.ஆர். என்ற கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி உண்டு. 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேலான நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பெரும்பாலும் ஓராண்டுத் திட்டங்களாகத்தான் தருவார்கள். மண் வளம் மாதிரியான வேலைகளுக்கு 3 ஆண்டாவது கேட்டுப் பேசிப் பாருங்கள். நல்ல தொடக்கத்துக்கு வேறு வழியும் இருந்திருக்கிறது. 1987-ல் முதல் உலக உணவுப் பரிசைப் பெற்ற எம்.எஸ். சுவாமிநாதன், அந்தப் பரிசுப் பணத்தைக் கொண்டுதான் மறு ஆண்டு சென்னையில் தன் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார்.

அணிக்குத் தலைமை தாங்குவதில் என்ன கற்றீர்கள்?

கெடுவுக்கு முந்தைய இரவு யாரும் அலுவலகத்தில் தூங்கக் கூடாது என்று ஒரு விதி போட்டேன். அதற்காகச் சமர்ப்பிக்கும் நாளை 48 மணி நேரம் முன்னால் இழுத்தோம். இதற்குக் காரணமான இரவு ஒன்று உண்டு. என் அணியில் ஒரு பெண் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு விடியற்காலை 4 மணி வரை இணைப்புகளுக்குப் பக்க எண் போட்டுக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன், போகச் சொல்லவில்லை.

நான் எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் ஊரில் ஒரு பயிரை எடுத்துக்கொள்ளுங்கள், கடலையோ, வாழையோ, வெங்காயமோ. 5 விவசாயிகளிடமும் ஒரு கமிஷன் மண்டிக்காரரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். நட்டம் எந்தக் கட்டத்தில் நடக்கிறது, அதைச் சரிசெய்ய யார், என்ன, எவ்வளவு செலவில் செய்ய வேண்டும் என்று 2 பக்கத்துக்குள் எழுதுங்கள். மூன்றாவது பக்கத்தில் ஒரு அட்டவணை போடுங்கள்: விதை மண்ணில் விழ வேண்டிய தேதி, அதற்குப் பொருள் ஊருக்கு வந்திருக்க வேண்டிய தேதி, அதற்குப் பணம் கையில் இருக்க வேண்டிய தேதி. எனக்கு அனுப்பும் பிள்ளைகளிடம் நான் முதலில் திறந்து பார்ப்பது அந்த மூன்றாவது பக்கத்தைத்தான்.